உவகையின் வேறுபாடுகள்: தேயிலைத் தோட்ட எழுத்தும் கம்போங் ராஜாவும்

முன்னுரை

தோட்டப்புற மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட தமிழ் எழுத்து ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உடையது. அவ்வெழுத்தை ஆராயும் கட்டுரைகளிலும் பட்ட ஆய்வேடுகளிலும் துயரம், அவலம், சுரண்டல், வேரறுதல் ஆகிய சொற்கள் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. மகிழ்ச்சி என்னும் சொல் இயலின் தலைப்பாக வருவது மிக அரிது. வந்தாலும், திருவிழா, விளையாட்டு, பொழுதுபோக்கு என்று இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும். கொடுமையைப் பேச வேண்டிய இடத்தில் மகிழ்ச்சியைப் பேசினால், அக்கொடுமையை மறைத்தவராவோமோ என்னும் தயக்கமே இதற்குக் காரணம் எனலாம். அத்தயக்கம் நேர்மையானது. ஆயினும் அதன் விளைவு நேர்மையானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தோட்டத்து மக்களைத் துன்புற்றவர்களாக மட்டும் படிக்கும்போது அவர்கள் அனைவரும் ஒரே முகம் உடையவராகி விடுகின்றனர். ஒரே கூலி, ஒரே லயம், ஒரே கங்காணி என்னும் சூழல் எல்லோர்க்கும் ஒரே துன்பத்தையே தருகிறது. ஆனால் அச்சூழலுக்குள் ஒருவர் எதனால் மகிழ்ந்தார் என்று கேட்டால், விடை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே மனிதரைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி ஆளாகக் காட்டுவது துன்பத்தைக் காட்டிலும் உவகையே என்பது நம் கருத்து. இதனை நிறுவுவதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும், தேயிலைத் தோட்டம் பற்றிய சில படைப்புகளையும், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் வடகோடியில் உள்ள கம்போங் ராஜாவையும் துணையாகக் கொள்கிறோம்.

துயரத்தின் மரபு

பிஜித் தீவில் உழன்ற இந்தியப் பெண்களை நினைந்து பாரதியார் பாடிய ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாடல், அயலகத் தோட்ட வாழ்வைப் பற்றிய தமிழ்க் குரலுக்குச் சுருதி கூட்டிற்று. அப்பாடலில் வரும் ஒரு தொடரையே தலைப்பாக்கிப் புதுமைப்பித்தன் 1930களில் ‘துன்பக் கேணி’யை எழுதினார். நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற மருதியின் கதை அது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தொலைவில் பசுமையாகத் தோன்றுவது அருகில் சென்றால் அவ்வாறு இராது என்னும் பொருளை அதன் தலைப்பே உணர்த்தி விடுகிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. பின்னர் அதனைத் தழுவி, பாலாவின் இயக்கத்தில் ‘பரதேசி’ என்னும் திரைப்படம் 2013இல் வெளியாயிற்று.

மலேசியாவில் தோட்ட இலக்கியம் என்பது பெரும்பாலும் ரப்பர்த் தோட்ட இலக்கியமே. தேயிலைக்கு அதில் குறைந்த இடமே உண்டு. கா. பெருமாளின் ‘துயரப் பாதை’, அகிலன் இந்நாட்டிற்கு வந்து சென்றபின் எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’, ஜப்பானியர் ஆட்சிக்காலத்துக் கொடுமையைக் கூறும் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ ஆகியவை நம் வகுப்பறைகளில் தொடர்ந்து பேசப்படுவன. தலைப்புகளை மட்டும் அடுக்கிப் பார்த்தாலும் கேணி, பனிக்காடு, மரணம், துயரம் என்னும் ஒரு நிரல் கிடைக்கும்.

இந்நிரல் பொய்யன்று. தோட்டத் தொழிலாளர் எத்துணைக் காலம் எத்துணைக் குறைந்த கூலிக்கு உழைத்தனர் என்பதை இவ்விலக்கியமே ஆவணப்படுத்தியது. மலேசியாவில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் என ஒன்று நடைமுறைக்கு வந்ததே 2013ஆம் ஆண்டு ஜனவரியில்தான். தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட்டாக இருந்தது. ஆதலின் துயர மரபைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. இழிவுபடுதல், இழத்தல், தன் நிலையில் தாழ்தல், வறுமையுறுதல் என்னும் இந்நான்கையும் மேற்கூறிய படைப்புகளில் ஒன்றுவிடாமல் காணலாம். மற்ற ஏழு மெய்ப்பாடுகளும் அம்மக்களிடம் இல்லையா என்பதே நாம் கேட்க வேண்டியது.

மெய்ப்பாட்டியல் காட்டும் உவகை

தொல்காப்பியர் நகை முதலாகத் தொடங்கி உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களை உடையது. உவகைக்கு அவர் தரும் நான்கு, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. மகிழ்ச்சி என்பது ஒன்றே, அதன் அளவுதான் கூடும் குறையும் என அவர் கருதவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மகிழ்ச்சிக்கு வெவ்வேறு பிறப்பிடங்கள் உண்டு. செல்வத்தால் வந்த உவகையும் புலனால் வந்த உவகையும் ஒரே பொருளின் இரண்டு அளவுகள் அல்ல. அதே இயலில் வேறொரு வரிசையில் உடைமை, இன்புறல் ஆகியவை தனித்தனியே எண்ணப்படுவதும் இவ்வேறுபாட்டு உணர்வையே காட்டுகிறது.

இவற்றிற்குப் பேராசிரியர் தரும் உரை நமக்கு மிகவும் பயன்படுகிறது. செல்வம் என்பதை அவர் நுகர்ச்சியோடு இணைக்கிறார். புலன் என்பதைக் கல்வியின் பயனாகிய அறிவுடைமை எனக் கொள்கிறார். புணர்வைக் காமப் புணர்ச்சி முதலியன என்று விரிக்கிறார். விளையாட்டு என்பதற்கு அவர் கூறும் பொருள் இன்றைய வழக்கினின்று வேறானது. ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடித் தம் ஊரின் எல்லையைக் கடந்து சென்று வருவது அவருக்கு விளையாட்டு. வாழும் இடத்தைச் சிறிது பொழுது விட்டு நீங்குவதே உவகையாகிறது என்னும் இக்கருத்து, இடம் விட்டு அகல இயலாத தோட்ட வாழ்வைப் படிக்கும்போது புதிய பொருள் பெறுகிறது.

உவகை பற்றிய அந்நூற்பாவில் ஓர் அடையும் உண்டு. அல்லலினின்று நீங்கிய உவகையையே தொல்காப்பியர் உவகை என்கிறார். இவ்வடை நம் ஆய்வுக்குச் சிக்கலைத் தருகிறது. அல்லல் நீங்காத வாழ்வில் தோன்றிய மகிழ்ச்சியை உவகை எனலாமா? இவ்வினாவிற்குப் பின்னர் மீள்வோம்.

கம்போங் ராஜா: ஒரு மலை, பல உவகைகள்

1885இல் இம்மலைப் பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயரால் கேமரன் மலை அழைக்கப்படுகிறது. 1920களிலும் 1930களிலும் ஆங்கிலேயர் இதனைத் தம் ஓய்விடமாகவும் தேயிலை விளைநிலமாகவும் உருவாக்கினர். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டமும், 1933இல் தொடங்கிய பாரத் தோட்டமும் இன்றும் உள்ளன. கம்போங் ராஜா, உலு தெலோம் முக்கிமில், பேராக் எல்லைக்கு அருகில் அமைந்த சிற்றூர். புளூ வேலித் தேயிலைத் தோட்டம் இதனை அடுத்துள்ளது. இவ்வூரிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவிற்குச் செல்லும் சாலை அமைவதற்கு முன், கீழே இறங்க வேண்டுமெனில் பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்களைக் கடந்து தாப்பா சாலையில் வளைந்து வளைந்து செல்ல வேண்டும். தேயிலையிலிருந்து காய்கறிப் பயிருக்கும், காய்கறி ஏற்றும் லாரித் தொழிலுக்கும் மாறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கு உண்டு. தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் வேலையோ இன்று பெரிதும் அயல்நாட்டுத் தொழிலாளரின் கைகளிலும் கத்திரிப் பொறிகளிலும் இருக்கிறது.

இவ்வூரில் மூத்தோர் சிலருடன் நாம் உரையாடியதுண்டு. அது கணக்கெடுப்பன்று, வினாநிரல் எதுவும் கையில் இல்லை. ‘வாழ்க்கையில் எப்போது மிகவும் மகிழ்ந்தீர்கள்?’ என்பதே வினா. விடைகளின் ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையே நம் கவனத்தை ஈர்த்தது.

கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர், மாலையில் நிறுவையின்போது தம் கூடையின் எடையைக் கிராணி உரக்கக் கூறுவார் என்றும், அப்போது நிரையில் நின்ற மற்றப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் கூறினார். கூலி எவ்வளவு கிடைத்தது என்பது அவர் நினைவில் இல்லை. அந்த எண்ணும், திரும்பிய முகங்களும் நினைவில் இருந்தன. அதே லயத்தில் வாழ்ந்த அவருடைய கணவர், தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு லாரியில் கூட்டமாக இறங்கிச் சென்ற நாளைக் குறிப்பிட்டார். கோயிலைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. மலையிலிருந்து இறங்க இறங்கக் குளிர் விட்டு உடம்பில் வெயில் ஏறியதையே விரித்துரைத்தார்.

தேயிலையை விட்டுக் காய்கறிப் பயிருக்கு வந்த ஒருவர், தம் நிலத்தில் விளைந்த முட்டைக்கோசை முதன்முதலாக லாரியில் ஏற்றி அனுப்பிய இரவைச் சொன்னார். அந்நிலம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் உள்ளது என்பதையும் உடன் கூறினார். தோட்டத்துப் பள்ளியில் படித்துப் பின்னர் ஆசிரியரான ஒருவர், எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களைத் தாம் சிறு வயதில் வாசித்துக் காட்டியதை நினைவுகூர்ந்தார். மற்றொரு பெண்மணி, மழை விடாது பெய்து வேலை நின்றுவிட்ட நாட்களில் லயத்துப் பெண்கள் ஒரு வீட்டு அடுப்படியில் கூடி அமர்ந்ததைக் கூறினார். இறுதியாகப் பேசிய மூதாட்டியின் விடை மிகச் சுருக்கமானது. “எம் புள்ளைங்க யாரும் கூடை தூக்கல. அது போதும்” என்றார்.

மெய்ப்பாட்டியலை வைத்து நோக்கினால் இவ்விடைகள் தாமாகவே வரிசைப்படுகின்றன. முட்டைக்கோசு ஏற்றியவரின் உவகை செல்வத்தின்பாற் படும். கடிதம் வாசித்தவரின் உவகை, பேராசிரியர் கூறும் பொருளில் புலனின்பாற் படும். அடுப்படியில் கூடிய பெண்களின் உவகை புணர்வின் விரிந்த பொருளில் அடங்கும். மலையிறங்கியவரின் உவகை விளையாட்டு. நான்கு நிலைக்களன்களும் ஒரு சிற்றூரின் ஒரு தலைமுறைக்குள்ளேயே கிடைத்து விடுகின்றன.

இவற்றுள் விளையாட்டு சிறப்பாக எண்ணத்தக்கது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் மகிழ்ச்சியைத் தேடி இம்மலைக்கு ஏறி வருகின்றனர். தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பேராசிரியர் சொன்ன சோலை அவர்களுக்கு இதுவே. ஆனால் அச்சரிவிலேயே நாளெல்லாம் நின்றவருக்குச் சோலை கீழே, வெயில் காயும் ஈப்போவில் இருந்தது. ஒருவருடைய பணியிடம் மற்றவருடைய உலாவிடமாகிறது. மகிழ்ச்சி இடத்தில் இல்லை, இடத்தைக் கடப்பதில் இருக்கிறது என்னும் உரையாசிரியரின் நுட்பம் இங்கு மெய்யாகிறது. கேமரன் மலையை இன்ப மலையாக வருணிக்கும் பயண எழுத்தும், தேயிலைக்காட்டைத் துன்பக் காடாக மட்டும் காட்டும் புனைவும் இவ்வகையில் ஒரே குறையை உடையவை. இரண்டும் உணர்ச்சியை நிலத்தின்மேல் ஏற்றுகின்றன. அங்கு நிற்கும் ஆளைக் கேட்பதில்லை.

பெருமிதம் என்னும் வேறொரு மகிழ்ச்சி

நிறுவையில் மகிழ்ந்த மூதாட்டியின் விடை உவகையின் நான்கு நிலைக்களன்களில் எதனுள்ளும் எளிதில் அடங்குவதில்லை. கூலியை அவர் மறந்துவிட்டதால் அது செல்வம் அன்று. அவர் கூறியது தம் கைத்திறன் ஊரறிய ஏற்கப்பட்ட கணத்தை. தொல்காப்பியர் இதனை வேறோர் இடத்தில் வைப்பார். பெருமிதத்திற்கு அவர் கூறும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. கொழுந்து பறிக்கும் கையின் பயிற்சியைக் கல்வி என்றும், அது பெறும் மதிப்பைப் புகழ் என்றும் கொள்வதில் தடையில்லை. இரண்டு இலைகளையும் ஒரு மொட்டையும் மட்டும் நொடியில் பிரித்தறிந்து கிள்ளும் விரல்களின் அறிவு நூலறிவுக்குக் குறைந்ததன்று.

இவ்விடத்தில் இலங்கை மலையக எழுத்தாளர் என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதை நினைவுக்கு வருகிறது. அவருடைய சிறுகதைத் தொகுதிக்கும் அதுவே பெயராயிற்று. ஓர் இளம்பெண் பறித்த கொழுந்தின் எடையே அக்கதையில் பூசலுக்குக் காரணமாகிறது. அவளுடைய திறன் ஐயத்திற்கு உள்ளாகிறது. திறனாய்வாளர் பலர் இக்கதையைத் தோட்டத்தின் உழைப்புச் சூழலைக் காட்டும் கதையாகவே அறிமுகப்படுத்துகின்றனர். அது பிழையன்று எனினும், கதையின் அழுத்தம் கூலியில் இல்லை. தான் பறித்ததைத் தான் பறித்ததாக உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அப்பெண்ணின் வேட்கை. கூலி குறைந்ததால் வரும் துன்பமும், திறன் ஐயுறப்பட்டதால் வரும் துன்பமும் வேறு வேறு. பின்னது புண்படுவதற்கு முன்னால் ஒரு பெருமிதம் இருந்தாக வேண்டும். அப்பெருமிதத்தைக் காணாத வாசிப்பு அவளுடைய துன்பத்தையும் முழுமையாகக் காணாது.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ போன்ற வாய்மொழித் தொகுப்புகளையும் இவ்வகையில் மீள்வாசிப்புச் செய்யலாம். புனைகதை ஆசிரியர் பலர் வெளியிலிருந்து தோட்டத்தை நோக்கியவர்கள். வாய்மொழிப் பாடலோ உள்ளிருந்து எழுந்தது. கங்காணியை எள்ளும் நகை, காதல், தாலாட்டு, விழா ஆகியவை ஒப்பாரிக்கு அருகிலேயே அதில் இடம்பெறுகின்றன. மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’ போன்ற தன்வரலாற்று எழுத்துகளும் புனைவைக் காட்டிலும் பன்முக உணர்ச்சிகளுக்கு இடம் தருகின்றன. தன் வாழ்வைத் தானே சொல்பவர் அழுகை என்னும் ஒரு மெய்ப்பாட்டோடு நிறைவுறுவதில்லை.

இக்கால ஆய்வுகளும் ஓர் எச்சரிக்கையும்

மகிழ்ச்சியைப் பற்றிய இக்கால ஆய்வுகள் தொல்காப்பியரின் பகுப்பிற்கு அணுக்கமாகவே வருகின்றன. ஒரு நாட்டின் வருமானம் நீண்ட காலத்தில் பெருகுவதற்கு இணையாக மக்களின் மகிழ்ச்சி பெருகுவதில்லை என்னும் கருத்தைப் பொருளியலறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இல் முன்வைத்தார். 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு ஆய்வு, முதுமையில் மனநிறைவோடு இருப்பவர்க்கு நல்லுறவுகளே பெருந்துணை என்று காட்டியது. வருமானம் உயர உயர மகிழ்ச்சியும் உயருமா என்பதில் டேனியல் கானமனும் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் முதலில் மாறுபட்ட முடிவுகளை வெளியிட்டிருந்தனர். இருவரும் பார்பரா மெல்லர்ஸுடன் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு அம்முரண்பாட்டைத் தீர்த்தது. பெரும்பாலோர்க்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் தொடர்ந்து உயர்கிறது. ஆனால் மகிழ்ச்சி மிகக் குறைந்த ஒரு பிரிவினர்க்கு, ஆண்டு வருமானம் ஏறத்தாழ 100,000 டாலரை எட்டியபின் அவ்வுயர்வு நின்றுவிடுகிறது. எல்லோரையும் கூட்டிச் சராசரி கண்டபோது மறைந்திருந்த உண்மை, ஆட்களைப் பிரித்துப் பார்த்தபோது வெளிப்பட்டது. இம்முறையியல் பாடம் இலக்கியத் திறனாய்வுக்கும் பொருந்தும்.

எனினும் இவண் ஓர் எச்சரிக்கையை மறத்தல் ஆகாது. நெடுங்காலம் இல்லாமையில் வாழ்ந்தவர்கள் தம் விருப்பங்களைச் சுருக்கிக்கொண்டு, கிடைத்த சிறியவற்றில் மகிழக் கற்றுக்கொள்கிறார்கள் என்றும், ஆதலால் அவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகக் கூறுவதை மட்டும் வைத்து அவர்கள் நலமாக இருப்பதாக முடிவுகட்டக் கூடாது என்றும் அமர்த்திய சென் வாதிட்டார். தோட்டத்தில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம் என்னும் பழங்கதை இன்று நம்மிடையே பெருகி வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குச் சென்றபின் இவ்வேக்கம் இயல்பானதே. ஆனால் அந்த நன்மைக்குச் சான்றாக மூதாட்டியின் நிறுவைப் பெருமிதத்தைக் காட்டுவது முறையன்று. அவர் மகிழ்ந்தார் என்பது தோட்ட முறைக்குத் தரும் நற்சான்று ஆகாது. அது அவர் தமக்குத் தாமே ஆக்கிக்கொண்ட உடைமை.

எனவே, திறனாய்வாளர் தவிர்க்க வேண்டிய பிழைகள் இரண்டு. ‘அவர்கள் மகிழ்ந்தார்கள், ஆகவே கொடுமை இல்லை’ என்பது ஒன்று. ‘கொடுமை இருந்தது, ஆகவே அவர்கள் மகிழ்ந்தது பொய்’ என்பது மற்றொன்று. முன்னதை நாம் எளிதில் இனங்காண்கிறோம். பின்னது முற்போக்கின் உடையில் வருவதால் பலர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. முன்னது துரையின் குரலை ஒத்தது. பின்னது, தன் வாழ்வில் எது மகிழ்ச்சி என்று கூறும் உரிமையையும் தொழிலாளியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

அல்லல் நீங்கிய உவகை

தொல்காப்பியர் இட்ட அடைக்கு இப்போது மீளலாம். அல்லல் நீங்கிய உவகையே உவகை எனில், தோட்டத்தில் பிறந்த மகிழ்ச்சியில் பெரும்பகுதி அவ்விலக்கணத்திற்கு வெளியே நின்றுவிடும். மழையால் வேலை நின்ற நாளில் அடுப்படியில் கூடிய பெண்களுக்கு அன்றைய கூலி இல்லை. அவ்வுவகையின் அடியிலேயே இழப்பு இருக்கிறது. ஆண்டு உரிமத்தில் பயிரிட்டவரின் செல்வ உவகைக்குள் அடுத்த ஆண்டைப் பற்றிய அச்சம் இருக்கிறது. இவற்றை உவகை அல்ல என விலக்குவதா, இலக்கணத்தை விரிப்பதா?

‘அல்லல் நீங்கிய’ என்பதை ஒரு நிலையாகக் கொள்ளாமல் ஒரு நிகழ்வாகக் கொண்டால் இச்சிக்கல் தீரும் என்பது நம் கருத்து. வாழ்வில் அல்லலே இல்லாமை என்று பொருள் கொள்ளாது, அந்தக் கணத்தில் அல்லல் விலகி நிற்றல் என்று கொள்ளலாம். நிறுவையின்போது, சாலை வளைவில், அடுப்படியில், அல்லல் சற்றே விலகி நின்றது. விலகியது மீண்டும் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்தே மகிழ்ந்தனர். அதனாலேயே அம்மகிழ்ச்சி ஏமாற்றம் அன்று.

இறுதியாகப் பேசிய மூதாட்டியின் விடை இவ்வடைக்கு மிகச் சிறந்த விளக்கமாகிறது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய எதனையும் அவர் தமக்கெனக் கூறவில்லை. ஒன்று நிகழாமையே அவருக்கு உவகை. தம் அல்லல் தம் மக்களிடம் தொடராமல் நின்றது என்பதே அவருடைய மகிழ்ச்சியின் முழுப்பொருள். பத்துச் சொற்களுக்குக் குறைவான அவ்விடையில் ஒரு தலைமுறையின் வரலாறும் அதன்மேல் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கின்றன. தோட்ட வாழ்வின் கொடுமையை இதனினும் வன்மையாகக் கூறும் வாக்கியத்தைத் துயர இலக்கியத்திலும் தேடவேண்டியிருக்கும். அவரோ அதனைப் புன்னகையோடு கூறினார். மகிழ்ச்சியைக் கேட்பது கொடுமையை மறைப்பதாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயின் அவ்விடைக்கு மறுபக்கமும் உண்டு. அவருடைய மக்கள் இறக்கி வைத்த கூடையை வேறு யாரோ தூக்குகிறார்கள். 2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில் நிகழ்ந்த நிலச்சரிவில் மியன்மார் நாட்டுத் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். ஒரு சமூகத்தின் அல்லல் நீங்கும்போது அது எங்குச் செல்கிறது என்னும் வினாவை இம்மலை நம்முன் வைக்கிறது. அயல்நாட்டிலிருந்து இன்று வந்து இங்கு உழைப்போர் எதனால் மகிழ்கின்றனர் என்பதைத் தமிழ்ப் புனைவு இனித்தான் கேட்க வேண்டும். நூறாண்டுத் தோட்ட இலக்கியம் உடைய மொழிக்கு அவ்வினாவைக் கேட்கும் தகுதியும் கடமையும் உண்டு.

நிறைவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, உவகையைப் பல பிறப்பிடங்கள் உடையதாகக் கண்ட தமிழ் இலக்கண மரபு, தோட்ட இலக்கியத்தைப் படிப்பதற்கு இன்றும் ஏற்ற கருவியாகும். இரண்டாவது, தோட்டத்து மகிழ்ச்சியின் ஒரு பகுதி உவகையில் அன்றிப் பெருமிதத்திலேயே வேர்கொண்டுள்ளது. அதனைக் காணாதவிடத்து அம்மக்களின் துன்பமும் முழுமையாகப் புலப்படாது. மூன்றாவது, துயரம் மக்களை ஒரு கூட்டமாகக் காட்டும்போது, உவகை அவர்களை ஆட்களாகக் காட்டுகிறது.

இதனால் வகுப்பறைக்கு ஒரு பயனும் உண்டு. நம் மாணவருள் பலர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தம் பாட்டியின் வாழ்வு முழுவதும் கண்ணீர் என்று பாடநூலில் படிக்கும் மாணவர், ஒன்று பாட்டிக்காக இரங்குவார். அல்லது, பாட்டி சிரித்துப் பேசியதை நினைத்துப் பாடநூலை ஐயுறுவார். இரண்டும் இலக்கியக் கல்விக்கு நன்மை தாரா. ‘இப்பாத்திரம் எதனால் துன்புறுகிறது?’ என்னும் வழக்கமான தேர்வு வினாவுக்கு அருகில், ‘இப்பாத்திரம் எப்போது மகிழ்கிறது? அதே வீட்டிலுள்ள மற்றவர் ஏன் அதற்கு மகிழவில்லை?’ என்னும் வினாவையும் ஆசிரியர்கள் வைக்கலாம். மருதியிடமும், கொழுந்துக் கூடையை ஏந்தி நிறுவைக்கு வரும் இளம்பெண்ணிடமும் அவ்வினாவைக் கேட்டுப் பார்க்கலாம். பின்னர் மாணவர் அதனைத் தம் வீட்டு மூத்தோரிடமும் கேட்டு எழுதி வரட்டும். எழுதப்படாத தோட்ட இலக்கியத்தின் பெரும்பகுதி அவ்விடைகளில் இருக்கிறது. விடை கூறக் கூடியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.